ஆன்மாக்கள் பட்டியலில் ஓர் இடம்

அமிர்தசாமி தன்னுடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளன்று காலை ஆறரை மணிப் பூசையில் இறந்துபோனான். மறுநாள் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என் கடைக்கு வந்து அதை அவனே சொன்னான்.

"மாப்ள, நேத்து நான் செத்துப்போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு?" என்றேன். எந்தச் சரக்கு வந்தாலும் முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் பால்குடி மறப்பதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுகிற பாடம். ஆச்சரியப்பட்டால் விலை ஏறிவிடும்.

"ஆறு இருபத்தஞ்சு இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

என் கடை சங்ககிரியில், பழைய லாரிகள் விற்கும் மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. தார்ப்பாய், கயிறு, கொக்கி. அமிர்தசாமி அந்த மைதானத்தில் புரோக்கர். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இருபத்தெட்டு வருடமாக ஒரே வேப்பமரத்தின் அடியில், தோளில் ஒரு துண்டோடு நிற்கிறான். அந்த மரத்தை வைத்துத்தான் இங்கே வழி சொல்வார்கள். அவனை வைத்து யாரும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு பட்டியல் வாசிப்பார்களாம். முதல் பட்டியல் நன்றி: பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில் பாஸ், கனடா விசா. இரண்டாவது பட்டியல் ஆன்மாக்கள்: செத்துப்போனவர்களின் இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்வது. பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவைக்க வேண்டும். புருஷனின் பிறந்தநாளுக்காக இன்னாசிமேரி பெயர் கொடுத்திருந்தாள். நான்சி என்கிற பெண் மைக்கில் நன்றிப் பட்டியலை வாசித்து முடித்தாள். அதில் அமிர்தசாமி இல்லை. சீட்டு எங்கேயோ தொலைந்துபோயிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பட்டியல் வந்தது. அதில் நாலாவதாக, "இறந்துபோன அமிர்தசாமி அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாட்டுப் பாடுனாங்க."

"நீயும் பாடினியா?"

"பாடாம? பழகிப்போச்சே."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"யாராச்சும் திரும்பிப் பாத்திருக்கணுமா இல்லையா மாப்ள? எனக்கு இந்தப் பக்கம் பிரான்சிஸ். இருபது வருசமா ஒரே பெஞ்சு. எம் பேரை வாசிக்கிறப்ப எல்லாரோடயும் சேந்து அவனும் வேண்டிக்கிட்டான். நடுப்பூசையில சமாதானம் சொல்லிக்கற நேரம் வந்துச்சு. எம் பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்புட்டு, சமாதானம்னான். செத்தவனுக்குச் சமாதானம் சொல்றமேன்னு ஒரு வெக்கம்கூட இல்லை."

"உங்க தாத்தா பேரும் அமிர்தசாமிதானே? அவரைன்னு நெனச்சிருப்பாங்க."

"அவரு செத்து முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. அவரு எப்பவோ இளைப்பாறி முடிச்சிருப்பாரு."

அடுத்தது மகன் ஜெனிஷ். பெங்களூரில் வேலை. கோவில் பூசை யூடியூபில் நேரலையாக வருமாம். அப்பா பிறந்தநாளாயிற்றே என்று அங்கிருந்தே பார்த்திருக்கிறான். அப்பா பெயர் ஆன்மாக்கள் பட்டியலில் வந்ததும் கீழே கமெண்டில் கும்பிடுகிற கைப் படம் போட்டிருக்கிறான்.

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"மூணு. வரிசையா மூணு போட்டிருக்கான்."

"பரவாயில்லையே. தாராளமான பையன்."

"எல்லாத்தையும் உடு," என்று குரலைத் தாழ்த்தினான். "பொம்பளைங்க பக்கம் எட்டிப் பாத்தேன். இன்னாசி மூணாவது வரிசையில இருந்தா. எம் பேரு வந்துச்சு. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டா. அவ்வளவுதான்."

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. இறந்துபோனதில் அவனுக்கு வருத்தமில்லை. அதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் வருத்தம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இருக்கிறானா இல்லையா என்பது அந்தக் கூட்டத்துக்கு ஒரு பட்டியலின் மேல்பாதியா கீழ்ப்பாதியா என்கிற அளவுக்குத்தான் வித்தியாசம் என்றால், அவன் இத்தனை நாள் எதற்கு இருந்தான்? இதைத்தான் அவன் அந்தத் தார்ப்பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு டீ சொன்னேன். தத்துவத்துக்கு எங்கள் பக்கத்தில் வேறு மருந்து கிடையாது.

அவன் தொழிலைச் சொல்ல வேண்டும். லாரி விலையை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. மாட்டுச் சந்தையின் பழக்கம் அப்படியே லாரிக்கும் ஒட்டிக்கொண்டது. விற்கிறவன் வண்டியின் முன்னால் நிற்பான், வாங்குகிறவன் பின்னால் நிற்பான். நடுவில் புரோக்கர். ஒருத்தனிடம் போய்த் துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரலால் விலை கேட்பான். பிறகு அடுத்தவனிடம் போய் வேறு விரலைப் பிடிப்பான். வாயால் சொல்வதெல்லாம் பொய். "பார்ட்டி உங்க வண்டியைப் பாத்து மயங்கிப்போயிட்டாருங்க, கையிலதான் காசு பத்தலைங்கறாரு" என்று இவனிடம். "அவருக்குக் குடுக்கவே மனசில்லைங்க, பொண்ணு கல்யாணம் இல்லாட்டி கொடுப்பாரா" என்று அவனிடம். உண்மையில் வாங்குகிறவன் அந்த வண்டியைக் காறித் துப்பியிருப்பான். விற்கிறவனுக்குப் பெண்ணே இருக்காது. ஆனால் மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாகக் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். இப்படிச் சுமார் நாலாயிரம் வண்டி கைமாற்றியிருக்கிறான். ஒன்றிலும் அவன் பெயர் கிடையாது.

அந்த வாரம் முழுவதும் அவன் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடினான். தேடினான் என்றால், பழைய வண்டி பார்க்கிற மாதிரி: சுற்றி வந்து, டயரை உதைத்து, கீழே குனிந்து.

முதலில் சேவை. புதுச்சத்திரம் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அங்கே பொறுப்பில் இருந்த அறிவுமதி என்கிற பெண் நாள்காட்டியை விரித்தாள்.

"டிசம்பர் வரைக்கும் புல்லுங்க சார். எல்லாருமே பிறந்தநாளுக்கு இங்கதான் வர்றாங்க. போட்டோ நல்லா வருதாம். பிப்ரவரி இருபத்தொம்போது வேணா காலியா இருக்குங்க, லீப் வருசம் வர்றப்ப."

"நான் போட்டோவுக்கு வரலீங்க. சும்மா பரிமாறிட்டுப் போறேன்," என்றான் அமிர்தசாமி.

"அதுக்கும் ஆளு இருக்காங்க சார்."

உள்ளே அன்றைக்கு மட்டும் இரண்டு பிறந்தநாள் முடிந்திருந்தது. பிரியாணி வாசம் சுவரில் ஏறியிருந்தது. நாங்கள் எட்டிப் பார்த்ததும் கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "சாமி, கேக்கு மட்டும் வேண்டாஞ் சாமி. சக்கரை முந்நூறு இருக்குது," என்றார்.

வெளியே வந்ததும் அமிர்தசாமி, "நல்லது செய்யறதுக்கும் டோக்கன் போட்டுட்டாங்களே மாப்ள," என்றான்.

அடுத்தது சேலத்தில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்த ஒருநாள் பயிற்சி. 'நீங்கள் ஏன் பிறந்தீர்கள்?' என்று விளம்பரம். ஒருவருக்குக் கட்டணம் கட்டினால் இன்னொருவருக்கு இலவசம்; அதனால் நான் ஏன் பிறந்தேன் என்பதையும் ஓசியில் தெரிந்துகொள்ளலாம் என்று போனேன். நடத்தியவர் மணிமாறன். போன வருடம் வரை போர்வெல் ரிக்குக்கு உதிரிபாகம் விற்றவர். நானே அவரிடம் கயிறு விற்றிருக்கிறேன். என்னைத் தெரியாதவர் மாதிரி நடந்துகொண்டார். நானும் அவரைத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நீங்கள் இறந்த பிறகு நாலு பேர் உங்களைப் பற்றி என்ன பேச வேண்டும்? எழுதுங்கள்," என்றார். ஏசி ஓடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அத்தனை பேரும் எழுதினார்கள். ஒரு ஜவுளிக்காரர் இரண்டாவது தாள் கேட்டு வாங்கினார்.

அமிர்தசாமி தாளில் இவ்வளவுதான் இருந்தது: "லாரி புரோக்கர். நாலாயிரம் வண்டி."

மணிமாறன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சார், இது நீங்க செஞ்சது. நீங்க யாரு?"

"புரோக்கருங்க."

"அதுக்கு உள்ள?"

"பனியனுங்க," என்றேன் நான். எங்களைத் தேநீர் இடைவேளைக்கு முன்பே இடைவேளைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இறங்கும்போது மாடிப்படியிலேயே அவன் முடிவெடுத்துவிட்டான்.

"பத்து நாள் காணாமப் போறேன். போனை ஆப் பண்ணிட்டு வேலூருக்குப் போயி மச்சினிச்சி ஊட்டுல இருக்கேன். உனக்கும் இன்னாசிக்கும் மட்டுந்தான் தெரியும். எத்தனை பேரு என்னைக் கேக்கறாங்கன்னு எண்ணி வை. யாரும் கேக்கலைன்னா அந்த மரத்தைக் காளிதாஸ்கிட்ட குடுத்துட்டு அங்கயே இருந்துக்கறேன். அவனும் ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

காளிதாஸ் அதே மைதானத்தில் இன்னொரு புரோக்கர். இது விளையாட்டில்லை. மைதானத்தில் ஒரு மரத்தடியை விட்டால் விட்டதுதான். வழக்கம் அப்படி. பத்து நாள் நிழல் காலியாக இருந்தால் பதினோராவது நாள் அது நின்றவனுக்குச் சொந்தம். திரும்பி வந்தால் வெயிலில் நின்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஐம்பத்திரண்டு வயதில்.

அவன் பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினான். நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதற்குப் பெரிய சிரமம் ஏற்படவில்லை.

முதல் நாள் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் டீக்கடை மாஸ்டர் கேட்டார். "சக்கரை கம்மி டீ ஒண்ணு தினம் மிச்சமாவுதுங்க, ஆளு வருவாரா மாட்டாரா?" மூன்றாம் நாள் காளிதாஸ் வேப்பமரத்தடியில் வந்து நின்றான். முதலில் நிழலின் ஓரத்தில். மத்தியானத்துக்குள் நடுவில். சாயங்காலம் கடைக்கு வந்து, "அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றான். இல்லை என்றேன். அவன் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் வந்து போனது. நான்காம் நாள் வித்யா என்கிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் எனக்குப் போன் செய்தாள். "அவர் பாலிசிக்குப் பிரீமியம் தேதி தாண்டுது சார். இப்ப எதாச்சும் ஆச்சுன்னா ஒண்ணுமே கெடைக்காது. கொஞ்சம் பாத்து இருக்கச் சொல்லுங்க." ஆக மூன்று பேர். அதில் ஒருத்தன் அவன் வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டவன்.

எனக்கும் இரண்டு இரவுக்கு மேல் தூக்கம் சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கடை பத்து நாள் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு கடை தள்ளி இன்னொரு தார்ப்பாய்க் கடை இருக்கிறது. அவன் பாயும் மழையைத் தாங்கும்.

ஏழாம் நாள்தான் அந்தச் சம்பவம்.

சின்னண்ணன் என்று புதுச்சத்திரம் பக்கத்து ஆள் ஒருவர் தன் பத்துச் சக்கர லாரியை விற்கக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு வருடம் அவரே ஓட்டிய வண்டி. முகப்பில் மகள் பெயர், 'ரஞ்சிதா'. முழங்கால் போய்விட்டது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் விற்கிறார். வாங்க வந்தவன் வேல்முருகன், ஆத்தூர்ப் பக்கம். நடுவில் காளிதாஸ். காளிதாஸுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு போன், ஒரு கொள்கை. ஒளிவு மறைவு இல்லாத வியாபாரம். துண்டு, விரல், பொய் எல்லாம் பழைய காலமாம். இருவரையும் டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்காரவைத்து, "ரெண்டு பேரும் மனசுல இருக்கறத நேராப் பேசிக்கங்க," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பேசினார்கள்.

"சேசிஸ்ல வெல்டு இருக்குது," என்றான் வேல்முருகன்.

"அதெல்லாம் இல்லீங்க. கண்ணாட்டம் வெச்சிருக்கறேன்."

"கண்ணாட்டமா? எடைக்குப் போட வேண்டிய இரும்பு. வழி தெரியாம இங்க வந்து நிக்குது."

சின்னண்ணன் வண்டியின் முகப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கொழந்த பேரு எழுதியிருக்குது அதுல. வார்த்தைய அளந்து பேசுங்க," என்றார்.

"வண்டி விக்கறீங்களா, கொழந்தைய விக்கறீங்களா?"

டம்ளர் பறந்தது. யார் டம்ளர் என்று இன்றுவரை இரண்டு கருத்து இருக்கிறது. நானும் மாஸ்டரும் போய் விலக்கினோம். வேல்முருகன் நெற்றியில் சின்னதாக ஒரு வெட்டு. சின்னண்ணனுக்கு வெளியில் ஒன்றும் காயமில்லை. வண்டியின் முன்னால் போய், மகள் பெயரைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போனேன்.

"போன தடவை ஒரு வண்டி வித்தனுங்க, அமிர்தசாமி வெச்சுத்தான்," என்றார் திரும்பாமலே. "வாங்குன ஆளு என்ன பேசுனான்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. இவனாட்டந்தான் பேசியிருப்பான். நெம்ப நல்ல வண்டின்னாருங்கன்னு அந்த மனுசன் வந்து சொல்லுச்சு. நானும் சந்தோசமா சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிச் சோறு உண்டேன். அவரு எங்கீங்க?"

நான்காவது ஆள்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். போன் ஆப் ஆகியிருக்கிறதே, நேரில்தான் போக வேண்டும். இன்னாசிமேரியும் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து கரூர் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அவருகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்ணா," என்றாள் ஒருமுறை.

"என்னம்மா?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க சிரிப்பீங்க." அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

வேலூரில் அவள் தங்கை அக்சிலியாவின் வீடு, வாய்க்காலை ஒட்டி வாழைத் தோப்புக்குள் இருக்கிறது. வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடிப் போனவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைச் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். எட்டு நாளில் அக்சிலியா அவனுக்கு வேலை கண்டுபிடித்திருந்தாள்.

"சும்மா உக்காந்து யோசிச்சாரு மாமா," என்றாள் அவள். "யோசிக்கறப்ப கை சும்மாத்தான இருக்குதுன்னு வெளக்குமாத்தக் குடுத்தேன்."

பெண்கள் இருவரும் உள்ளே போனதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்து என்ன ஓடுகிறது என்று என்னால் படிக்க முடிந்தது. புரோக்கருக்கு அது கேவலம்.

"எத்தனை பேரு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு, அதில் ஒன்று காளிதாஸ். ஆனால் எங்கள் வம்சத்தில் முதல் விலையாக உண்மையை யாரும் சொன்னதில்லை.

"நாப்பது பேரு," என்றேன்.

அமிர்தசாமி என்னைப் பார்த்தான். தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்து என் கை மேல் போட்டான். அதற்கடியில் தன் கையை நீட்டினான். தோப்பில் பார்க்க ஆள் யாருமில்லை. கட்டிப்போட்டிருந்த ஓர் ஆடு மட்டும் இருந்தது. இருந்தாலும் முறை முறைதானே.

நான் அவன் நாலு விரலைப் பிடித்தேன். நாற்பது.

அவன் கையை உதறிக்கொண்டு என் ஒற்றை விரலைப் பிடித்தான். பத்து.

"என்னப்பா அநியாயம். இருபத்தெட்டு வருசத்து மனுசன்," என்று மூன்று விரலைப் பிடித்தேன்.

"வண்டி ரொம்ப ஓடிருச்சு மாப்ள. கொழுப்பு இருக்கு, மூட்டு தேயுது. மூணுக்கெல்லாம் போகாது."

"டீ மாஸ்டர் கண்ணுல தண்ணி வெச்சிட்டாரு, தெரியுமா?"

"புகையா இருக்கும்."

இரண்டு விரல். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். விற்பவன் நான், வாங்குகிறவன் அவன், சரக்கும் அவன். அப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை. மேலே ஏற்றினால் பொய் என்று தெரிந்துவிடும், கீழே போனால் உண்மை வந்துவிடும். கடைசியில் என் சுண்டுவிரலை ஒருமுறை அழுத்தினான், விட்டான், மறுபடி அதே விரலை அழுத்தினான். பத்தும் ஒன்றும். பதினொன்று.

அதற்கும் கீழே இறங்க அவனுக்குத் தைரியமில்லை. எனக்கு மனசில்லை. "முடிஞ்சுது," என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பதினொரு பேருக்காக யாரு மாப்ள வெயில்ல நிப்பாங்க? மரத்தைக் காளிதாஸ்கிட்டயே குடுத்துரு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"அவன்தான் மூணாம் நாள்ளயே நின்னுட்டான். யாவாரமும் பண்றான். நேத்து சின்னண்ணன் வண்டிக்கு ரெண்டு பார்ட்டியையும் எதிரெதிர உக்கார வெச்சு நேராப் பேச விட்டான்."

"என்னது?"

"மனசுல இருக்கறத நேராப் பேசிக்கங்கன்னான்."

"மனசுல இருக்கறதையா!" அமிர்தசாமி நிஜமாகவே பதறிப்போனான். "அறிவிருக்கா அவனுக்கு? மனுசன் மனசுல இருக்கறத மனுசன் கேட்டா என்ன ஆவறது? அப்புறம்?"

டம்ளர் பறந்ததைச் சொன்னேன். எடைக்குப் போடுகிற இரும்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். சின்னண்ணன் மகள் பெயரைத் துடைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவன் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"அக்சிலியா! எஞ் சட்டை எங்க?"

"ஊற வெச்சிருக்கேன் மாமா."

"பரவால்ல, ஈரத்தோட குடு. அங்க ஒருத்தன் உண்மையப் பேச உட்டு ரெண்டு பேரைச் சாவடிச்சிட்டிருக்கான்."

மூன்று பேருமாக வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஈரச் சட்டையில் நின்றுகொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே, மனைவியிடம் அதைக் கேட்டுவிட்டான்.

"எம் பேரை வாசிச்சப்ப உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"என்ன தோணணும்?"

"தப்பாப் படிக்கறாங்களேன்னு."

"தப்பா ஒண்ணும் படிக்கலையே. நான்தானே அங்க எழுதச் சொன்னேன்."

பஸ் ஒன்று வந்து போயிற்று. எங்கள் பஸ்தான். யாரும் ஏறவில்லை.

"ஆபீசுக்குப் போனேங்க. அன்னைக்கின்னு பாத்து புதுநன்மைப் பிள்ளைங்க, மொதத் தடவையா நற்கருணை வாங்கறவங்க, இருபத்திரண்டு பேரு. நன்றிப் பக்கம் முழுக்க அவங்களே எழுதிட்டாங்க. எடமே இல்லைன்னுட்டாங்க. அடுத்த வாரம் வாங்கங்கறாங்க. பிறந்தநாளு அடுத்த வாரமா வரும்? பக்கத்துல எட்டிப் பாத்தேன். ஆன்மாக்கள் பக்கத்துல ஒரு எடம் காலியா இருந்துச்சு. சரி, அதுலயாச்சும் போடுங்கன்னேன். ஆபீஸ்காரரு யாருக்கும்மான்னாரு. அமிர்தசாமிக்குன்னேன். பேரு மேல போயிச் சேந்தாச் சரி, எந்தப் பக்கமாப் போனா சாமிக்குத் தெரியாதா?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பேன் என்று அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். இருபத்தெட்டு வருடம் புரோக்கரோடு குடும்பம் நடத்தியவள். கிடைக்கிற இடத்தில் சரக்கை இறக்கிவிட்டாள்.

அமிர்தசாமி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொன்னா கோச்சுப்பீங்க. சொல்லாட்டியும் ஊரை விட்டு ஓடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவன் ஈரச் சட்டைப் பையில் வைத்தாள். "அடுத்த வருசத்துக்கு இப்பவே நன்றிப் பக்கத்துல மொத எடம் வாங்கிட்டேன். ஒருதடவை எழுதினாப் பக்கம் மாத்த மாட்டாங்களாம். அதனால அது வரைக்கும் ஒழுங்கா இருங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாமக்கல் வரும்வரை இரண்டு முறை அந்தச் சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தான். புத்தம்புது வண்டிக்கு எஃப்.சி. தேதி பார்க்கிற மாதிரி.

மறுநாள், ஒன்பதாம் நாள், மைதானத்துக்கு வந்தான். காளிதாஸ் நிழலை விட்டு நகரவில்லை. பத்து நாள் ஆகவில்லையே என்று நான் சண்டைக்குப் போனேன். அமிர்தசாமி என்னைத் தடுத்துவிட்டு, மரத்துக்கு நாலடி தள்ளி வெயிலில் நின்று, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். சின்னண்ணனுக்கும் வேல்முருகனுக்கும் ஆள் அனுப்பினான். சின்னண்ணனை வண்டியின் முன்னால் நிறுத்தினான், வேல்முருகனைப் பின்னால். நடுவில் முப்பது அடி லாரி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முன்னுக்கும் பின்னுக்குமாகப் பதினாலு நடை நடந்தான். பழைய வண்டிக்கு அது அதிகம்தான், வண்டி என்றால் லாரியைச் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் சாவி கைமாறியது.

சின்னண்ணனிடம் என்ன சொன்னான் என்று பிறகு அவரே என் கடையில் கயிறு வாங்க வந்தபோது சொன்னார். "அவன் அன்னைக்கித் திட்டுனதெல்லாம் வெலையக் கொறைக்கறதுக்குத்தானாங்க. ஊட்டுக்குப் போயி அந்த வண்டியத் தவிர வேற வண்டி வேண்டாமுன்னு படுத்துட்டானாமா. கொழந்த பேரை அழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறான்."

வேல்முருகன் அரைமணி நேரம் கழித்துத் தார்ப்பாய் வாங்க வந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. முகப்பில் இருக்கிற பெயரை அழிக்கப் பெயின்டர் எங்கே கிடைப்பான் என்று கேட்டான். தெரியாது என்றேன். சங்ககிரியில் பெயின்டர் தெரியாத தார்ப்பாய்க் கடைக்காரன் கிடையாது. ஆனாலும் எதற்கோ அப்படிச் சொன்னேன். சின்னண்ணன் ஊர் தாண்டுகிற வரைக்குமாவது அந்தப் பெயர் இருக்கட்டும்.

பாயை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போனவன் வாசலில் நின்று எதிரே பார்த்தான். வெயிலில் துண்டும் தலையுமாக அமிர்தசாமி அடுத்த வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"அந்தப் புரோக்கரு ஒரு வாரமா எங்க போயிருந்தாருங்க? அவரு இருந்திருந்தா எனக்கு மண்டை ஒடஞ்சிருக்காது."

"ஊருக்குப் போயிருந்தாரு," என்றேன்.

ஐந்தாவது ஆள். இன்னும் ஆறு பேர் வர வேண்டும். நான் சொன்ன விலை பொய்யாகிவிடக் கூடாது. கடையைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.